மாம்பழ நிறப் புடவையும் ரோஸ் மருந்தும்

எனக்கு எழுபத்தெட்டு வயதாகிறது. ஏழு பிள்ளைகளை வளர்த்தேன். ஐந்து நான் பெற்றது, இரண்டு என் ஓரகத்தி விசாலம் பெற்றது. அவளைக் கேட்டால் ஏழையும் அவள்தான் வளர்த்தாள் என்பாள். அவளைக் கேட்க வேண்டாம்.

நான் பள்ளிக்கூடம் போனது மூன்றாம் வகுப்பு வரைதான். பஸ்ஸில் எழுதியிருக்கிற ஊர்ப் பெயரை நான் எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் அந்த பஸ் அந்த ஊருக்கே போய்ச் சேர்ந்துவிடும். அதனால் நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். ஆயா பேசுகிற மாதிரி எழுதாதே, புத்தகத்தில் வருகிற மாதிரி மரியாதையாக எழுது என்று சொல்லியிருக்கிறேன்.

தனக்குப் பொறாமையே கிடையாது என்று ஒரு பெண் சொன்னால், அவளுக்கு ஓரகத்தி வாய்க்கவில்லை என்று அர்த்தம். எனக்கு வாய்த்தாள். என்னைவிட இரண்டு வயது சின்னவள். எட்டாவது படித்தவள். எங்கள் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்து வீட்டில் கடிதம் வந்தால் அவளைக் கூப்பிடுவார்கள், கேஸ் அடுப்பில்லாத அந்தக் காலத்தில் புகை வந்தால் என்னைக் கூப்பிடுவார்கள். அவள் தும்மினால்கூட பூனை தும்மியது போலிருக்கும். (நான் தும்மினால் தறியில் உட்கார்ந்திருக்கிற எங்கள் வீட்டுக்காரர் நெசவை நிறுத்திவிட்டு, "இன்னா வுழுந்துச்சு?" என்று கேட்பார்.) இதையெல்லாம்கூட நான் பொறுத்துக்கொண்டேன். அத்தை விஷயத்தில்தான் பொறுக்க முடியவில்லை.

அத்தை என்றால் எங்கள் மாமியார். மாமனார் காலமான பிறகு இரண்டு பிள்ளைகள், இரண்டு மருமகள்கள், இரண்டு தறிகள், கல்யாணத்துக்கு நின்ற ஒரு பெண் என்று மொத்தக் குடும்பத்தையும் கண்ணாலேயே ஓட்டியவர். அந்தக் கண் சாதாரணக் கண் இல்லை. எங்கள் ஊர்ப் புடவையில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறமாக இருக்கும். இரண்டும் சேர்கிற இடத்தைக் கோர்வை என்போம். அந்தக் கோர்வையில் ஒரே ஒரு இழை தப்பியிருந்தாலும் அத்தை அடுப்படியிலிருந்தே கண்டுபிடித்துவிடுவார்.

நான் சொல்கிறது எழுபதாம் வருஷ வாக்கில் நடந்தது. ஆடி மாதத்தில் ஒரு காலை வேளை அத்தை ராட்டினத்தில் பட்டு சுற்றிக்கொண்டிருந்தார். கை நழுவியது. வாய் இடது பக்கம் கோணியது. வாதம் அடித்துவிட்டது. இரண்டு மாதத்தில் பேச்சு கொஞ்சம் குழறலோடு திரும்பியது, சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கவும் ஆரம்பித்தார். ஆனால் விழுங்குவதுதான் முடியவில்லை. தண்ணீர் ஒரு வாய் குடித்தால் புரையேறும். ரசம் சாதம் புரையேறும். ஆஸ்பத்திரியில் கொடுத்த வெள்ளை மாத்திரை அந்தக் காலத்து காலணா அகலம் இருக்கும், அது தொண்டைக்குள் போவேனா என்று நிற்கும்.

டாக்டர் எங்கள் வீட்டுக்காரரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "கொதிப்பு மாத்திரை ஒரு நாளும் தப்பக் கூடாது. மறுபடி அடிச்சா தாங்க மாட்டாங்க."

இதில் இன்னொரு விஷயமும் மாட்டிக்கொண்டிருந்தது. என் நாத்தனார் சுலோச்சனாவுக்குத் தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளை ஆரணி. அவர்களும் நெசவுக்காரர்கள். அத்தைக்கு ஒன்று ஆகிவிட்டால் கல்யாணம் ஒரு வருஷம் தள்ளிப்போகும். ஒரு வருஷம் தள்ளிப்போகிற கல்யாணம் நடக்கிற கல்யாணமா என்று சுலோச்சனா யாரிடமும் கேட்கவில்லை. முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. ஆகவே அந்தக் காலணா மாத்திரை தினமும் அத்தையின் தொண்டைக்குள் இறங்குவதில்தான் ஒரு பெண்ணின் கழுத்தில் தாலி ஏறுவது இருந்தது.

மூத்த மருமகள் நான். மாத்திரை கொடுக்கிற பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். யாரும் கொடுக்கவில்லை.

எங்கள் வீட்டில் டம்ளரில் வாய் வைத்துக் குடித்தால் எச்சில். அண்ணாந்துதான் ஊற்றிக்கொள்ள வேண்டும். நான் ஆசாரமான வீட்டில் வளர்ந்தவள். அத்தையின் மோவாயைப் பிடித்து முகத்தைக் கூரையைப் பார்க்க வைப்பேன். நாக்கில் மாத்திரையை வைப்பேன். செம்பை உயரத் தூக்கித் தண்ணீரை விடுவேன். அத்தை கண்ணெல்லாம் சிவந்து இருமுவார். நான் உச்சந்தலையில் தட்டி, "யாரோ நெனைக்கிறாங்க அத்தை" என்பேன்.

ஒரு வாரம் இப்படி நடந்தது. எட்டாம் நாள் இருமி முடித்துவிட்டு அத்தை சொன்னார்: "என்னை நெனைக்கிற ஆளுங்க எல்லாரும் மேல போயாச்சு. நீ குடுக்கிற வேகத்துக்கு அவங்க நெனைக்கல, கூப்புட்றாங்க."

பக்கத்தில் நெல் புடைத்துக்கொண்டிருந்த விசாலம் சிரித்துவிட்டாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். முதுகு குலுங்கினதைப் பார்த்தேன்.

சரி, தண்ணீர் வேண்டாம் என்று யோசித்தேன். பெருமாள் கோயில் இட்லி மாதிரி மிளகும் சுக்கும் சீரகமும் தட்டிப்போட்டு ஒரு இட்லி வார்த்து, நடுவில் மாத்திரையைப் பதுக்கிவைத்துக் கொடுத்தேன். அந்த இட்லி எப்படிப்பட்டது என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். நல்ல தொண்டைக்காரர்களே எண்ணெய் இல்லாமல் இறக்க மாட்டார்கள். அத்தை பத்து மணிக்கு மெல்ல ஆரம்பித்தார். வாயில் இட்லி தீர்ந்தபோது பால்காரன் மறுபடி வந்துவிட்டான். மாத்திரை எங்கும் விழவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

சாயங்காலம் எதிர் வீட்டு அம்மா விசாரிக்க வந்தார். ஏதோ பேச்சுக்கு அத்தை சிரித்தார். கோணின பக்கத்துக் கன்னத்துக்குள்ளிருந்து வெள்ளையாக ஒன்று மடியில் விழுந்தது.

"ஐயோ, பல்லு வுழுந்துடுச்சே" என்று அந்த அம்மா பதறினார்.

"பல்லு இல்லமா" என்றார் அத்தை. "மூத்த மருமக சுட்ட இட்லி."

அந்தப் பக்கத்துக் கன்னத்தில் உணர்ச்சியே இல்லை. மாத்திரை அங்கே ஒதுங்கி உட்கார்ந்திருந்தது அவருக்கே தெரியவில்லை. எனக்கு மட்டும் எப்படித் தெரியும்? ஆனால் தெரு முழுக்க நான் பல் விழுகிற இட்லி சுடுகிறேன் என்று போய்விட்டது.

இந்தச் சமயத்தில் மாகறலில் என் அண்ணன் குழந்தைக்குக் காது குத்தினார்கள். பத்து நாள் பிறந்த வீட்டுக்குப் போனேன். நான் இல்லாமல் அத்தை பாடு திண்டாட்டம்தான், திரும்பி வரும்போது "தனம், நீ இல்லாம" என்று கையைப் பிடித்துக்கொள்வார் என்று மாகறல் கோயில் சாமியிடம்கூடச் சொல்லிவைத்தேன். (தனபாக்கியம் என் பெயர். தனம் என்று கூப்பிடுவார்கள்.)

திரும்பி வந்தேன். அத்தை சுவரில் சாய்ந்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கன்னம் பூசினாற்போல் இருந்தது. தலை வாரிப் பின்னியிருந்தது. என்னைப் பார்த்ததும் கேட்டார்: "அதுக்குள்ள வந்துட்டியா?"

"பத்து நாளாச்சு அத்தை."

"பத்து நாளா" என்று அத்தை விசாலத்தைப் பார்த்தார். "போனதே தெரியல பா."

எங்கள் வீட்டுக்காரர் அன்றைக்குச் சாப்பிடும்போது சும்மா இருக்கலாம் இல்லையா? "விசாலம் குடுத்தா அம்மாவுக்கு ஒரு இருமல் கிடையாது தெரியுமா. அதுக்கு அப்படி ஒரு கை" என்றார். அவருக்கு இரண்டாவது கரண்டி சாம்பார் நான் ஊற்றவில்லை.

மறுநாள் காலையில் வேவு பார்த்தேன். தறியில் நீளவாக்கில் இழை கட்டி விரித்திருந்த பாவுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டு இழைகளுக்கு நடுவே பார்த்தேன். விசாலம் மாத்திரையை இரண்டு கரண்டிக்கு நடுவில் வைத்து நசுக்கிப் பொடியாக்கினாள். ஆறின கேழ்வரகுக் கூழ் ஒரு கிண்ணத்தில் இருந்தது. கரண்டியில் எடுத்துக் கவிழ்த்தால் உடனே விழாமல் யோசித்து விழுகிற பதம். அதில் பொடியைக் கலந்தாள். அத்தையை நிமிர்த்தி உட்கார வைத்தாள். பிறகு ஒரு பழைய பட்டுப்புடவையை எடுத்து அத்தையின் மடியில் விரித்தாள்.

"அத்தை, இந்தக் கோர்வையில எங்கியோ ஒரு இழை தப்பியிருக்குதாம், எனக்குத் தெரியல. நீங்க பாருங்க."

அத்தை தலையைக் குனிந்து கரையில் விரலை ஓட்ட ஆரம்பித்தார். விசாலம் ஒரு சின்ன கரண்டி கூழை வாயில் வைத்தாள். இறங்கியது. இன்னொரு கரண்டி. இறங்கியது. அத்தை மோவாய் மார்பைத் தொடுகிற மாதிரி குனிந்து இழை தேடிக்கொண்டே கிண்ணத்தைக் காலி செய்தார். ஒரு கனைப்புகூட இல்லை.

அத்தை உதடு பட்ட கரண்டியையே மறுபடி மறுபடி வைக்கிறாளே, எச்சில் என்கிற நினைப்பே இல்லையே இவளுக்கு என்று நான் அங்கே உட்கார்ந்து வெந்துகொண்டிருந்தேன்.

"அக்கா, பாவுக்குப் பின்னால ஏன் குந்திக்கினு இருக்கீங்க?" என்று விசாலம் கேட்டாள். என் மூக்குத்தி இழைகளுக்கு நடுவே மின்னியிருக்கிறது.

"இழை எண்றேன்" என்றேன்.

அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இப்போது ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும், இதைச் சொல்லாமல் விட்டால் கதை நிற்காது. அவள் எதையும் ஒளிக்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னாள்.

"ஒண்ணுமில்லக்கா. தண்ணியா குடுத்தா சரசரன்னு ஓடி தப்பான வழியில போயிடுது. கெட்டியா குடுத்தா மெதுவா எறங்குது. தலை குனிஞ்சிருக்கணும். அண்ணாந்தா புரையேறுது. இந்த மாத்திரையப் பொடிக்கலாமான்னு கம்பவுண்டரைக் கேட்டேன், பொடிக்கலாம்னாரு. ஆனா எல்லா மாத்திரையும் பொடிச்சிடாதீங்க, கேட்டுட்டு செய்யுங்கன்னு சொன்னாரு."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்க்கா."

நான் தலையை ஆட்டினேன். நம்பவில்லை. நிஜமான சூட்சுமத்தை யாராவது இப்படிக் கூழில் கலந்து சொல்வார்களா? கூழும் குனிவதும் கண்துடைப்பு, உண்மையான வித்தை அந்தப் பட்டுப்புடவைதான் என்று முடிவு கட்டினேன். அத்தைக்குப் பட்டென்றால் உயிர். பட்டைக் காட்டி மயக்கி வாயைத் திறக்க வைக்கிறாள். பழைய புடவைக்கே இத்தனை என்றால், புதுப் புடவையை நான் காட்டினால் அத்தை செம்பையே விழுங்கிவிடுவார் என்று நினைத்தேன். எட்டாவது படித்தவளுக்கு எட்டாதது மூன்றாவது படித்தவளுக்கு எட்டிவிட்டது என்ற பெருமையில் அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டேன்.

புதுப் புடவையும் தயாராகிக்கொண்டிருந்தது. கூறைப்புடவை மாப்பிள்ளை வீட்டார் எடுக்க வேண்டியது. பெண் வீட்டிலேயே தறி இருக்கிறதே என்று ஆரணிக்காரர்கள் பட்டையும் ஜரிகையையும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். சரக்கு அவர்களுடையது, கை எங்களுடையது. மாம்பழ நிற உடல், அரக்குக் கரை. முந்தானையில் மட்டும் எங்கள் வீட்டுக்காரர் பதினைந்து நாள் உட்கார்ந்தார்.

மார்கழி பிறப்பதற்கு முன் ஒரு நல்ல நாளில் சம்பந்தி வீட்டார் புடவையைப் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். புடவை ஒரு சாக்கு என்று எல்லோருக்கும் தெரியும். அத்தை தை மாதம் வரை இருப்பாரா என்று பார்க்க வருகிறார்கள்.

அன்றைக்குக் காலையிலேயே விசாலத்திடம் சொல்லிவிட்டேன். "நீ அடுப்பப் பாரு. கேசரி அடி பிடிக்காம கிண்டு. அத்தைக்கு மாத்திரை நான் குடுத்துக்கறேன்."

"அக்கா, கூழு ஆற வெச்சிருக்கேன்..."

"எனக்குத் தெரியும் பா."

அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். அவள் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிருந்தால் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும் என்று இப்போதும் நினைத்துக்கொள்கிறேன்.

சம்பந்தி அம்மா பெரிய சரீரம், வைர மூக்குத்தி. கூட அவர் வீட்டுக்காரரும் இரண்டு பெண்களும் வந்தார்கள். பாயில் உட்கார்ந்தார்கள். நான் முன்பே அத்தையைக் குளிப்பாட்டி, மாமனார் போன பிறகு குங்குமம் இல்லை என்பதால் திருநீறு பூசி, கூடத்துச் சுவரோரம் உட்கார வைத்திருந்தேன். எதிரே உத்தரத்திலிருந்து கயிறு கட்டி, புதுப் புடவையை முந்தானை முன்பக்கம் தெரியும்படி உயரத்தில் தொங்கவிட்டிருந்தேன். மடியில் போடுவதெல்லாம் விசாலத்தின் புத்தி. நான் பெரிய மருமகள். என் புடவை மேலே இருக்க வேண்டும்.

கையில் மருந்துப் புட்டி. மாத்திரையோடு அத்தைக்கு ஒரு ரோஸ் மருந்தும் உண்டு. புட்டியின் பக்கத்தில் வேளைக்கு எவ்வளவு என்று காகிதம் வெட்டி ஒட்டியிருப்பார்கள். விசாலம் அதையும் கூழில்தான் கலப்பாள். தனித்தனியாக எதற்கு, மாத்திரையை நாக்கில் வைத்து ரோஸ் மருந்தையே தண்ணீருக்குப் பதில் ஊற்றினால் இரண்டு வேலையும் ஒன்றாக முடியும், சம்பந்தி அம்மாவும் நம் கெட்டிக்காரத்தனத்தைப் பார்ப்பார் என்பது என் கணக்கு.

"அத்தைக்கு இப்ப எவ்வளவோ தேவலாம்" என்று சம்பந்தி அம்மாவிடம் சொன்னேன். "மாத்திரையெல்லாம் நான் குடுத்தா மளமளன்னு முழுங்கிடுவாங்க. நீங்களே பாருங்களேன்."

அத்தை என்னை ஒரு பார்வை பார்த்தார். (அதை நான் அன்பு என்று எடுத்துக்கொண்டேன்.)

"அத்தை, மேல பாருங்க. சுலோச்சனா கூறைப்புடவை. முந்திய பாருங்க."

அத்தை அண்ணாந்தார். அந்தப் புடவை முழுதாக விரிந்து அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை. ஜன்னல் வெளிச்சம் ஜரிகையில் பட்டது. தன் பிள்ளை நெய்தது, தன் பெண் கட்டப்போவது. அவர் வாய் தானாகத் திறந்தது. நான் சமயம் பார்த்து மாத்திரையை முழுசாக உள்ளே வைத்தேன். புட்டியை உயரத் தூக்கி ஊற்றினேன்.

முதலில் சத்தமே வரவில்லை. அதுதான் பயங்கரம். அத்தையின் முகம் கருத்தது. கண் பிதுங்கியது. நான் வழக்கப்படி உச்சந்தலையில் தட்டினேன். "யாரோ நெனைக்கிறாங்க அத்தை, யாரோ நெனைக்கிறாங்க." பாயில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் அவரைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அதிலாவது நான் பொய் சொல்லவில்லை.

பிறகு வந்தது. கூடத்தில் இருந்த யாரும் அந்த அம்மாளுக்கு அவ்வளவு மூச்சு இருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. ரோஸ் மருந்து வில்லிலிருந்து விட்ட அம்பு மாதிரி கிளம்பி, மேலே தொங்கிய மாம்பழ நிற முந்தானையில் போய்த் தெறித்தது. மீதி சம்பந்தி அம்மாவின் மேல். அவர் வைர மூக்குத்தியில் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டு ரோஸாக மின்னியது. அதைத் துடைக்கலாமா கூடாதா என்று அவருக்கே தெரியவில்லை.

இருமல் நிற்கவில்லை. அடுப்படியிலிருந்து விசாலம் கேசரிக் கரண்டியோடு ஓடிவந்தாள். என் கையைத் தட்டிவிட்டாள். அவள் என் மேல் கை வைத்தது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். அத்தையை முன்னால் குனிய வைத்து, இரண்டு தோள்பட்டைக்கு நடுவில் உள்ளங்கையால் ஓங்கி ஓங்கித் தட்டினாள். மாத்திரை வெளியே வந்து தரையில் உருண்டுபோய் சம்பந்தி அம்மாவின் கால் விரல் பக்கத்தில் நின்றது.

அத்தைக்கு மூச்சு திரும்பியது. சத்தம் கேட்டுத் தறியும் நின்றிருந்தது.

சம்பந்தி அம்மா தன் வீட்டுக்காரரைப் பார்த்தார். "இன்னாங்க இது. இவங்க ஒடம்பு இப்படி இருக்குது. தை மாசம்னு நாம..." என்று இழுத்தார். "கொஞ்ச நாளு போவட்டுமா?"

அடுப்படி வாசலில் சுலோச்சனா காப்பித் தட்டோடு நின்றாள். டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக் கிணுகிணுத்தன. அவள் அழவில்லை. என்னைத்தான் பார்த்தாள். அண்ணி, ஏன் என்று கேட்கிற பார்வை. அன்றைக்கு வரையில் என் பொறாமைக்கு இரண்டே பேர்தான், நானும் விசாலமும் என்று நினைத்திருந்தேன். நடுவில் ஒரு பெண்ணின் கல்யாணம் நின்றுகொண்டிருப்பதை அந்தக் கிணுகிணுப்பில்தான் கேட்டேன். எனக்கு அப்படியே தறிக் குழிக்குள் இறங்கி உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது.

விசாலம் அத்தையின் முகத்தைத் துடைத்தாள். கொஞ்ச நேரம் முதுகைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூச்சு சீரானதும் உள்ளே போய் வேறொரு மாத்திரையைப் பொடித்துக் கூழில் கலந்து எடுத்துவந்தாள். பிறகு எழுந்து கயிற்றிலிருந்த புடவையை இறக்கினாள். நான் உயர்த்திக் கட்டிய அதே புடவையை அத்தையின் மடியில் விரித்தாள்.

"அத்தை, கறை எத்தினி இடத்துல பட்டிருக்குதுன்னு எனக்குச் சரியா தெரியல. கொஞ்சம் எண்ணிச் சொல்லுங்க."

அத்தை குனிந்தார். விரல் நடுங்க முந்தானையில் வைத்தார்.

"ஒண்ணு."

ஒரு கரண்டி. இறங்கியது.

"ரெண்டு."

இன்னொரு கரண்டி. சம்பந்தி அம்மா பாயிலிருந்து கழுத்தை நீட்டினார். "மூணு" என்றார் அத்தை. அவசரமே இல்லை. வாயிலிருப்பது இறங்கின பிறகுதான் அடுத்த கரண்டி, அது இறங்கின பிறகுதான் அடுத்த எண். ஏழாவதில் ஒரு சின்ன கனைப்பு வந்தது. எல்லோரும் மூச்சை நிறுத்தினோம். சுலோச்சனா கண்ணை மூடிக்கொண்டாள். அதுவும் இறங்கியது. பதினொன்று வரை எண்ணினார். பதினோரு கறை, பதினோரு கரண்டி. கிண்ணம் காலி.

அத்தை தலையை நிமிர்த்தாமலே பேசினார். குழறலாக இருந்தாலும் எல்லோருக்கும் புரிந்தது. "புதுத் துணி வந்தா ஓரத்துல மஞ்சள் வெப்பாங்க. பொண்ணப் பெத்தவ நானு, எனக்கு ஓரத்துல வெச்சா போதுமா? பதினோரு எடத்துல வெச்சிருக்கேன். போங்க, தேதிய மாத்தாதீங்க."

சம்பந்தி அம்மாவின் வயிறு முதலில் குலுங்கியது. பிறகுதான் வாயில் சிரிப்பு வந்தது. மூக்குத்திச் சொட்டு அப்போதுதான் விழுந்தது. அவர் புடவையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நகர்ந்து நகர்ந்து விசாலத்தின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"எங்க மாமனாரும் இப்படித்தான்மா. கஞ்சி குடிச்சாலே இருமல். மாத்திரைய துப்பிடறாரு. வயசாச்சுன்னு வுட்டுட்டோம். இத எப்படிக் கிண்டினே, கொஞ்சம் சொல்லு."

விசாலம் சொன்னாள். எனக்குச் சொன்ன அதே வார்த்தைகள். தண்ணியா வேண்டாம், கெட்டியா இருக்கட்டும், நிமிர்ந்து உட்காரணும், தலை குனியணும், பொடிக்கலாமான்னு கேட்டுட்டுப் பொடிக்கணும். சம்பந்தி அம்மா ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்லிக் கற்றுக்கொண்டார். அவர் உடனே நம்பிவிட்டார். அவருக்கு அவள் ஓரகத்தி இல்லையே.

தேதி மாறவில்லை.

எங்கள் வீட்டுக்காரர் என்னை ஒன்றும் சொல்லவில்லை. மூன்று நாள் தறிக்கட்டையை மிதித்த சத்தத்தில் எல்லாவற்றையும் சொன்னார். ஜரிகைப் புடவையைத் தோய்க்க முடியாது. ஈரத்துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தோம். கறை மங்கியது, போகவில்லை. கிட்டத்தில் பார்த்தால் இளரோஸில் பதினொன்றும் தெரியும். ஜரிகையில் பூப்பூவாக நெய்வதைப் புட்டா என்போம். சுலோச்சனா முந்தானையைத் தடவிப் பார்த்துவிட்டு, "பரவாயில்ல, இது பெரியண்ணி போட்ட புட்டா" என்றாள். அந்தப் பெயர் அன்றைக்கு ஆரம்பித்தது.

கல்யாணத்தன்று காலையில் மணவறைக்குப் பக்கத்தில் அத்தையை உட்கார வைத்திருந்தோம். மாத்திரை வேளை வந்தது. விசாலம் கிண்ணத்தோடு வந்தாள். அத்தை கையைக் காட்டி நிறுத்தினார். "இன்னிக்கு தனம் குடுக்கட்டும்."

அத்தனை சொந்தக்காரர்களும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். விசாலம் கிண்ணத்தை என்னிடம் கொடுத்துவிட்டுத் தன் முந்தானையை எடுத்து அத்தையின் மடியில் விரித்தாள். அத்தை குனிந்தார். நான் கரண்டி கரண்டியாகக் கொடுத்தேன். எல்லாம் இறங்கியது. ஒரு இருமல் இல்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இத்தனை நாள் பொறாமை இந்த நிமிஷத்தோடு தீர்ந்தது என்று நினைத்தேன்.

அத்தை நிமிர்ந்து வாயைத் துடைத்துக்கொண்டார். "நல்லாத்தான் குடுத்தே" என்றார். "விசாலம்னா கொஞ்சம் வெல்லம் போடுவா."

தீரவில்லை.

அத்தை அதற்குப் பிறகு ஆறு வருஷம் இருந்தார். சுலோச்சனாவின் மூத்த பிள்ளைக்கு இழை முடிச்சுப் போடக் கற்றுக்கொடுத்துவிட்டுத்தான் போனார். ஆரணியிலிருந்து யார் காஞ்சிபுரம் வந்தாலும் விசாலத்தை விசாரிப்பார்கள், கூழ் பதம் கேட்பார்கள். என்னிடம் புட்டா விசாரிப்பார்கள். எங்கள் குடும்பத்தில் யாராவது துணியில் குழம்பைச் சிந்திக்கொண்டால் இன்றைக்கும் "பெரியம்மா புட்டா" என்றுதான் சொல்வது. என்னைப் பார்க்காத மருமகன்கள்கூடச் சொல்கிறார்கள்.

இப்போது எனக்கே தொண்டை சரியில்லை. போன வருஷத்திலிருந்து தண்ணீர் குடித்தால் புரையேறுகிறது. இப்போதெல்லாம் வயதானவர்களுக்கென்று நாக்கில் வைத்தால் கரைகிற மாத்திரை வருகிறது, சில மருந்து பாகு மாதிரி வருகிறது. பேத்தி டாக்டரிடம் கேட்டு அப்படி வருவதை அப்படியே வாங்குகிறாள். ஒரு மாத்திரை மட்டும் அப்படி வருவதில்லை. அதைப் பொடித்துக் கூழில் கலக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கலப்பது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எழுபத்தாறு வயதில் விசாலம் தன் நான்கு மாத்திரைகளையும் உள்ளங்கையில் கொட்டி, தண்ணீர்கூட இல்லாமல், பொரி சாப்பிடுவது போல் வாயில் போட்டுக்கொண்டு விழுங்குகிறாள். என் எதிரில் உட்கார்ந்துதான் விழுங்குகிறாள்.

அதாவது பரவாயில்லை. சுலோச்சனா போன பொங்கலுக்கு வந்திருந்தபோது அந்த மாம்பழ நிறப் புடவையைக் கொண்டுவந்து விசாலத்திடம் கொடுத்துவிட்டாள். "சின்னண்ணி, இது ஒங்ககிட்ட இருக்கட்டும்" என்றாள். புட்டா போட்டவள் நான். புடவை அவளுக்கு.

தினமும் காலையில் விசாலம் அதை எடுத்துவந்து என் மடியில் விரிக்கிறாள். "அக்கா, ஒங்க புட்டா எல்லாம் சரியா இருக்குதான்னு எண்ணிப் பாருங்க" என்கிறாள். நான் குனிகிறேன். ஒன்று, இரண்டு என்று எண்ணுகிறேன். பதினோரு கரண்டியும் இறங்குகிறது. வெல்லம் போட்டிருக்கிறாள்.

அவ்வளவுதான், எழுதினது போதும். எங்கே, முதலிலிருந்து ஒரு தடவை படித்துக் காட்டு, சரியாக எழுதியிருக்கிறாயா என்று பார்க்கலாம். நிதானமாகப் படி. அவள் எல்லாவற்றையும் முன்பே எனக்குச் சொல்லிக்கொடுத்தாள் என்று வருகிறதே, அந்த இடத்தில் மட்டும் குரலைத் தாழ்த்து. உள்ளே கூழ் கிண்டிக்கொண்டிருக்கிறாள். காதும் அவளுக்கு இன்னும் நன்றாகக் கேட்கிறது.